டெல்டாவுக்கு அடியில் ஒரு பழைய கடல்: டோலமைட், சுண்ணாம்புக்கல், படிவுப் பாறைகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பாறை என்றால் வெளியூர் சமாசாரம். கோயில் தூணிலும் அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் தொட்டிருப்போம். தரையிலிருந்து எழுந்து நிற்கும் பாறையைப் பார்க்கக் கொள்ளிடத்தையோ வல்லத்தையோ தாண்ட வேண்டும். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் பாறை பார்க்க ஆட்களைக் கூட்டிப் போய்த் திரும்பும் வழியில், வேனில் எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இறால் குட்டைக்கு டோலமைட் மூட்டை வாங்குகிறவர்கள் கேட்டவையும் இதில் உண்டு.

டெல்டாவில்தான் பாறையே கிடையாதே, நமக்கு எதற்கு இந்தப் பேச்சு?

மேலே கிடையாது. அதனால்தான் சோழ நாட்டுப் பழைய கோயில்கள் பல முதலில் செங்கல்லால் எழுந்தன. 10-ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி அவற்றில் பலவற்றைக் கற்றளியாக மாற்றினார். 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கல் முழுவதும் வெளியிலிருந்து வந்து இறங்கியதுதான்.

ஆனால் கீழே கதை வேறு. வயலில் போர் போடும்போது வண்டல், களிமண், மணல் என்று மாறி மாறி வருகிறதே, அது வெறும் மேல்தோல். அதற்குக் கீழே, சில இடங்களில் 5 கிலோமீட்டருக்கும் மேலான தடிமனில் மணற்கல், களிப்பாறை, சுண்ணாம்புக்கல் எல்லாம் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. நிலவியலில் இதற்குக் காவிரிப் படுகை என்று பெயர். அந்த அடுக்குகளுக்கு வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டால் நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் நிற்பது மாதிரி இருக்கும்: நன்னிலம் அடுக்கு, குடவாசல் களிப்பாறை, கமலாபுரம் அடுக்கு, காரைக்கால் களிப்பாறை, நிரவி மணற்கல், திருப்பூண்டி அடுக்கு, மாதானம் சுண்ணாம்புக்கல். எண்ணெய் தேடி ஆழ்துளை போட்டபோது வெளிவந்த பாறைத் துண்டுகளை வைத்து, கிணறு தோண்டிய ஊர்களின் பேரையே சூட்டினார்கள். குடவாசல்காரர் ஒருவருக்குத் தன் ஊர்ப் பெயரில் ஒரு கடலடிப் பாறை இருப்பது தெரியாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தர வேண்டிய செய்தி இது.

வண்டல் எப்படிப் பாறை ஆகிறது?

வாய்க்காலில் எக்கல் படிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தண்ணீர் வேகம் குறையும் இடத்தில் முதலில் மணல் இறங்கும், பிறகு நுண்மண், கடைசியாகக் களி. இதே வேலை கடலோரத்திலும் கடலடியிலும் நடக்கிறது. ஓர் அடுக்கின்மேல் இன்னோர் அடுக்கு ஏற ஏறக் கீழே உள்ளது நசுங்கும், உள்ளிருக்கும் தண்ணீர் பிதுங்கி வெளியேறும். அந்தத் தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு, சிலிக்கா, இரும்பு போன்றவை மணிகளுக்கு இடையே படிந்து ஒட்டிக்கொள்ளும். மணல் மணற்கல் ஆகிறது, களி களிப்பாறை ஆகிறது, சிப்பியும் பவளமும் பாசியின் சுண்ணமும் குவிந்த இடம் சுண்ணாம்புக்கல் ஆகிறது.

இந்த மூன்றில் சுண்ணாம்புக்கல்லுக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். காவிரி மாதிரி ஓர் ஆறு கலங்கல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தால் சுண்ண ஓடு கட்டும் உயிர்கள் கூட்டமாக வளர முடியாது. வளர்ந்தாலும் அவற்றின் ஓடு களிமண்ணுக்குள் தொலைந்துவிடும். பூம்புகாரிலோ நாகூரிலோ பவளப்பாறை இல்லாமல் தெற்கே மண்டபம் பக்கம் போனால் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எனவே ஒரு பாறை அடுக்கில் தூய சுண்ணாம்புக்கல் கிடைத்தால், அந்தக் காலத்தில் அந்த இடத்துக்கு ஆற்று மண் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்று நாம் மிதிக்கும் டெல்டா மேற்பரப்பு மிக இளையது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகிக் கடல் ஏறி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் ஓரளவு நிலைக்கு வந்த பிறகுதான் ஆறு கொண்டுவந்த மண் இப்போதைய வடிவில் பரவியது. வேதாரண்யம் பக்கம் வரிசையாகக் கிடக்கும் மணல் மேடுகள் கடல் படிப்படியாகப் பின்வாங்கிய பழைய கரைகள். 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் மேலிருந்து வரும் மண்ணில் பெரும்பங்கு நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது.

இவ்வளவு ஆழமான பள்ளம் எப்படி வந்தது?

இந்தியா, இலங்கை, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒட்டிக் கிடந்த கோண்ட்வானா நிலப்பரப்பு பிளந்தபோது வந்தது. சுமார் 13 முதல் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய தமிழகக் கடலோரம் நெடுகப் பூமியின் மேலோடு இழுபட்டு விரிசல் விட்டது. சில துண்டுகள் இறங்கின, சில மேலேயே நின்றன. இறங்கியவை அரியலூர்–புதுச்சேரி, தஞ்சாவூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் பள்ளங்கள். இடையில் நின்ற முகடுகளுக்குக் கும்பகோணம்–மாதானம் முகடு, பட்டுக்கோட்டை–மன்னார்குடி முகடு என்று பெயர். கும்பகோணத்தில் நின்று பார்த்தால் எந்தப் பக்கமும் மேடு தெரியாது. வண்டல் எல்லாவற்றையும் சமமாக மூடிவிட்டது.

பள்ளம் இறங்க இறங்க ஆறும் கடலும் அதை நிரப்பிக்கொண்டே வந்தன. கடல் பல முறை உள்ளே வந்தது, பல முறை திரும்பிப் போனது. படுகையின் மேற்கு விளிம்பு பிற்பாடு மேலெழுந்ததால், நமக்குக் கீழே பல ஆயிரம் அடி ஆழத்தில் இருக்கும் அதே காலத்துப் பாறைகள் அரியலூர், பெரம்பலூர், லால்குடிக்கு வடக்கே வெயிலில் கிடக்கின்றன.

டோலமைட் என்பது என்ன? சுண்ணாம்புக்கல்தானா?

நெருங்கிய உறவு, ஆனால் அதுவே அல்ல. சுண்ணாம்புக்கல்லில் இருப்பது கால்சியம் கார்பனேட். டோலமைட்டில் கால்சியமும் மெக்னீசியமும் சரிபாதி எண்ணிக்கையில், ஓர் அடுக்கு கால்சியம், ஓர் அடுக்கு மெக்னீசியம் என்று ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும், நடுவில் கார்பனேட். எடைக் கணக்கில் தூய டோலமைட்டில் கால்சியம் கார்பனேட் சுமார் 54 சதவீதம், மெக்னீசியம் கார்பனேட் சுமார் 46 சதவீதம். அந்தக் கனிமத்துக்கும் டோலமைட் என்றுதான் பெயர், அதனாலான பாறைக்கும் அதே பெயர். பிரெஞ்சு நிலவியலாளர் டோலமியூ 1791-இல் இதைப் பற்றி எழுதினார். மறு ஆண்டு அவர் பெயரே இதற்கு வைக்கப்பட்டது.

கண்ணால் பிரித்தறிவது கஷ்டம். சுண்ணாம்புக்கல்லில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் உடனே நுரைத்துப் பொங்கும். டோலமைட் கட்டியில் விட்டால் ஏறக்குறைய சும்மா இருக்கும். சுரண்டித் தூளாக்கி விட்டால்தான் மெல்ல நுரைக்கும். டோலமைட் கொஞ்சம் கடினம், கொஞ்சம் கனமும் கூட. வீட்டில் கழிவறை ஆசிட்டை வைத்துச் சோதிக்க வேண்டாம். கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்தால் இரண்டு நிமிட வேலை.

கடலில் மெக்னீசியம் ஏராளம் என்கிறார்கள். அப்படியென்றால் டோலமைட் கடலடியில் தானாகப் படிய வேண்டுமே?

இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. இரு நூற்றாண்டுகளாக நிலவியலாளர்களைத் தூங்கவிடாத கேள்வியும் கூட.

ஒரு கிலோ கடல்நீரில் மெக்னீசியம் சுமார் 1.3 கிராம், கால்சியம் சுமார் 0.4 கிராம். கணக்குப்படி கடல்நீர் டோலமைட்டுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு செறிவாகவே இருக்கிறது. ஆனாலும் இன்றைய கடலில் சிப்பியும் பவளமும் கால்சியம் கார்பனேட்டைத்தான் கட்டுகின்றன. 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில் மலைமலையாகக் கிடக்கும் டோலமைட், அதற்குப் பிந்தைய பாறைகளில் அரிது. அமெரிக்க நிலவியலாளர் லின்டன் லேண்ட், டோலமைட்டுக்கு 1000 மடங்கு மிகைச்செறிவுள்ள கரைசலை 25 டிகிரி வெப்பத்தில் 32 ஆண்டுகள் வைத்துப் பார்த்தார். ஒரு படிகம்கூட வரவில்லை. 1998-இல் அந்த முடிவை அப்படியே வெளியிட்டார். கிடைக்காத ஒன்றை முப்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்து, கிடைக்கவில்லை என்று எழுதிவைப்பது பெரிய காரியம். பிறகு வந்தவர்கள் எல்லோரும் அந்தத் தோல்வியின் மேல்தான் நின்றார்கள்.

தடை எங்கே? இரண்டு இடத்தில். மெக்னீசியம் அயனி தண்ணீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி இறுகப் பிடித்து வைத்திருக்கும். அதை உதறிவிட்டுப் படிகத்தில் உட்கார அதற்கு மனம் வராது. இரண்டாவது, ஒழுங்கு. வளரும் படிகத்தின் மேல் கால்சியமும் மெக்னீசியமும் கண்டபடி வந்து உட்காரும். இடம் மாறி உட்கார்ந்தவை அடுத்த அடுக்கு ஏறுவதைத் தடுக்கும். இப்படியே விட்டால் ஒழுங்கான ஒரே ஓர் அடுக்கு உருவாக 1 கோடி ஆண்டு பிடிக்கும் என்பது கணக்கு.

2023-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு வழியைக் காட்டின. கரைசல் விட்டுவிட்டு நீர்த்துப்போனால், தவறான இடத்தில் உட்கார்ந்த அயனிகள்தான் முதலில் கரைந்து போகும், ஏனென்றால் அவற்றின் பிடிப்பு பலவீனம். கோணலாக விழுந்த நாற்றைப் பிடுங்கி வரிசையில் மறுபடி நடுவது மாதிரி, ஒவ்வொரு முறை கரைந்து படியும்போதும் ஒழுங்கு கூடுகிறது. மின்னணு நுண்ணோக்கிக்குள் ஒரு சிறு டோலமைட் படிகத்தை வைத்து, மின்னணுக் கற்றையை 2 மணி நேரத்தில் 4,000 தடவை துடிக்கவிட்டு, கரைவதும் படிவதுமாக மாற்றினார்கள். சுமார் 300 அடுக்குகள் வளர்ந்தன. அதற்கு முன் ஆய்வகத்தில் 5 அடுக்குக்கு மேல் யாரும் கண்டதில்லை.

இயற்கையில் இந்தத் துடிப்பு எங்கே நடக்கும்? ஓதம் ஏறி இறங்கும் சேற்றுத் தரையில். மழையில் நன்னீராகி வெயிலில் உவர்க்கும் காயலில்.

நுண்ணுயிர்களின் பங்கையும் சொல்ல வேண்டும். பிரேசிலின் லாகோவா வெர்மேல்யா காயலின் கருஞ்சேற்றில் சல்பேட்டை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் சாதாரண வெப்பத்திலேயே டோலமைட் படிய உதவுவதை 1995-இல் வாஸ்கன்செலோஸ், மெக்கென்சி உள்ளிட்ட ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்த விளக்கங்களில் ஒன்றுதான் உண்மை என்று நான் நினைக்கவில்லை. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கடலோரத்தில் வெவ்வேறு வழி திறந்திருக்கும்.

அப்படியானால் பழைய டோலமைட் மலைகள் எல்லாம் நேராகக் கடலில் படிந்தவையா?

பெரும்பாலானவை அப்படி அல்ல. முதலில் சுண்ணாம்புப் படிவாக இருந்து, பிறகு மெக்னீசியம் நிறைந்த நீர் ஊடுருவி மாற்றியவை. இரண்டு பங்கு கால்சியம் கார்பனேட்டிலிருந்து ஒரு கால்சியம் வெளியேறி அந்த இடத்தில் ஒரு மெக்னீசியம் அமரும். மெக்னீசியம் சிறியது, அதனால் இந்த மாற்றம் முழுதாக நடந்தால் திடப்பொருளின் கன அளவு சுமார் 12 சதவீதம் சுருங்கலாம், பாறைக்குள் துளைகள் பிறக்கலாம். இந்த மாற்றத்தில் சிப்பியின் நுண்ணிய வரிகள் பல நேரம் அழிந்து, சர்க்கரைக் கட்டியின் உடைபரப்புபோல மினுக்கும் படிகங்கள் மட்டும் மிஞ்சும்.

வேதாரண்யம் உப்பளத்துக்கும் டோலமைட்டுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

வேதாரண்யத்தில் டோலமைட் விளையவில்லை. ஆனால் அதன் பின்னால் உள்ள வேதியியலில் பாதியை அங்கே பாத்திக்குப் பாத்தி பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

கடல்நீர் வெயிலில் வற்றி, கன அளவு நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று குறையும்போது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், இறங்கத் தொடங்குகிறது. பத்தில் ஒன்றாகும் நேரத்தில், உப்புநீரின் செறிவை அளக்கும் பாமே மானியில் 25 டிகிரி காட்டும் கட்டத்தில், உப்பு விளைகிறது. உப்பை வாரிய பிறகு மிஞ்சும் தண்ணீர் நாக்கில் வைக்க முடியாத கசப்பு. அந்தக் கசப்பு மெக்னீசியம். ஜிப்சம் போகும்போது கால்சியத்தையும் எடுத்துக்கொண்டு போவதால், மிச்ச நீரில் மெக்னீசியத்தின் விகிதம் எகிறிவிடுகிறது. அதோடு, மெக்னீசியம் படிகத்தில் சேர்வதற்குத் தடையாக இருப்பதாகக் கருதப்படும் சல்பேட்டும் ஜிப்சத்தோடு ஓரளவு வெளியேறுகிறது.

இதே நிகழ்ச்சி, அடியில் சுண்ணாம்புச் சேறு இருக்கும் ஒரு கடலோரத்தில் நடந்தால்? கனத்த கசப்பு நீர் கீழே இறங்கிச் சேற்றை மாற்றத் தொடங்கும். அபுதாபியின் உவர் சமவெளிகளில் இன்று இப்படி டோலமைட் உருவாவதைப் பார்க்கலாம். வேதாரண்யத்தில் வெயில் இருக்கிறது, ஓதம் இருக்கிறது, கசப்பு நீரும் இருக்கிறது. அடியில் கிடப்பதுதான் பெரும்பாலும் மணலும் களியும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுச் சேறும் அப்படியே. மாற்றுவதற்குச் சுண்ணாம்பு வேண்டுமே.

டோலமைட் மலைகள் என்று இத்தாலியில் இருக்கிறதாமே?

வட இத்தாலியில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் ஒரு பகுதி. 2009 முதல் யுனெஸ்கோ உலக மரபிடம். சுமார் 20 முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், டிரையாசிக் காலத்தில், டெத்திஸ் என்ற வெப்பக் கடலின் ஆழமற்ற பகுதியில் சுண்ணம் கட்டும் உயிர்கள் எழுப்பிய திட்டுகள் அவை. அடித்தளம் மெல்ல இறங்க, உயிர்கள் மேலே கட்டிக்கொண்டே போக, நூற்றுக்கணக்கான மீட்டர் உயர்ந்தன. பிறகு டோலமைட்டாக மாறி, ஆல்ப்ஸ் எழுந்தபோது வானத்துக்குத் தூக்கப்பட்டன.

படத்தில் நீங்கள் அடிக்கடி பார்க்கும் மூன்று கொம்புகள், திரே சீமே சிகரங்கள், வேறு வகை. அவை ஓதத்தில் நனைந்தும் காய்ந்தும் கிடந்த சமதரையில் படிந்தவை. கிடைமட்டமாக அடுக்கடுக்காக வரி தெரியும். அதே காலத்து அடுக்கு ஒன்றில், பெல்மோ மலைப் பக்கம், டைனோசரின் காலடித் தடங்கள் கிடைத்திருக்கின்றன.

அரியலூர் சுண்ணாம்புக்கல் டோலமைட்டா?

இல்லை. அதனால்தான் அங்கே இத்தனை சிமெண்ட் ஆலைகள்.

சூளையில் சுமார் 1450 டிகிரியில் வெந்த மெக்னீசியம் ஆக்சைடு உடனே தண்ணீரோடு சேராது. கட்டடம் எழுந்து, குடிபுகுந்த பிறகு, ஆண்டுகள் கழித்து மெதுவாக ஈரத்தை இழுத்து உப்பும்; சுவரில் விரிசல் விடும். அதனால் சாதாரண சிமெண்டில் மெக்னீசியம் ஆக்சைடு 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரவிதி. டோலமைட் கலந்த சுண்ணாம்புக்கல்லை ஆலைக்காரர் தொடமாட்டார்.

அங்கே இரண்டு முக்கியமான சுண்ணாம்புக்கல் அடுக்குகள். கல்லக்குடி, அதாவது டால்மியாபுரத்தில் வெட்டுவது பழையது, 10 கோடி ஆண்டைத் தாண்டியது. பவளமும் பாசியும் கட்டியது. அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சி அடுக்கு சுமார் 7 கோடி ஆண்டுப் பழமை, தடித்த ஓட்டுச் சிப்பிகள் குவியல் குவியலாகச் செத்து மடிந்த கடலடி. டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டு எல்லைக்குச் சற்று முன்பின்னான பாறைகளும் இதே வட்டாரத்தில் கிடக்கின்றன: கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள் கிடைத்த மணற்கல், அதற்கு மேலே நிண்ணியூரில் அழிவுக்குப் பின் வந்த கடலின் சுண்ணாம்புக்கல்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பகுதியை வரைபடமாக்கினார். தொல்லுயிரியலாளர் ஸ்டொலிச்கா இங்கே கிடைத்த உயிரினங்களை ஒவ்வொன்றாக விவரித்து எழுதினார். உலகில் டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸைப் படிப்பவர்களுக்கு ஊட்டத்தூர், காரை, அரியலூர் எல்லாம் பழகிய பெயர்கள். கொள்ளிடத்துக்கு இந்தக் கரையில் இருக்கும் நமக்குத் தெரியாமல் இருப்பது நியாயமில்லை.

அப்படியென்றால் நமக்கு அருகில் பழைய டோலமைட் எங்கே?

ஆந்திராவின் கடப்பா. அங்கே வேம்பல்லி அடுக்கு என்ற டோலமைட் ஏறத்தாழ 190 கோடி ஆண்டுப் பழமையானது. சிப்பி, பவளம், மீன் எதுவும் பூமியில் தோன்றாத காலம். ஆழமற்ற கடலில் நுண்ணுயிர்ப் பாய்கள் மணலையும் சுண்ணத்தையும் பிடித்து வைத்து, அடுக்குமேல் அடுக்காக முட்டை வடிவக் குமிழ்களாக வளர்ந்தன. ஸ்ட்ரோமாடோலைட் என்ற அந்தக் குமிழ்கள் அப்படியே டோலமைட்டாக மாறி, இன்றும் வெட்டுமுகத்தில் வளையம் வளையமாகத் தெரிகின்றன. அந்த டோலமைட்டில்தான் தும்மலப்பள்ளி சுரங்கத்து யுரேனியமும் இருக்கிறது.

நம் சமையலறை மேடையில் போடும் கறுத்த கடப்பா கல் வேறு. அது அதே வட்டாரத்தின் இன்னும் இளைய நர்ஜி சுண்ணாம்புக்கல். புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் சிந்தி அப்படியே விட்டால் மேடையில் வெளுத்த தடம் விழுகிறதே, அது சுண்ணாம்புக்கல் அமிலத்தில் கரைந்த தடம். கருங்கல்லில் இது நடக்காது.

தமிழ்நாட்டுக்குள் சங்ககிரி, மதுக்கரை, தாழையூத்து சுண்ணாம்புக்கற்களும் ஒரு காலத்தில் கடற்படிவுகளே. ஆனால் பூமியின் ஆழத்தில் வெந்து நசுங்கிப் படிகமாகிவிட்டதால் உயிரெச்சம் எதுவும் மிஞ்சவில்லை.

நம் பகுதி எண்ணெய், எரிவாயு டோலமைட்டில்தான் இருக்கிறதா?

உலகில் பல எண்ணெய் வயல்கள் டோலமைட்டின் துளைகளில் இருக்கின்றன. காவிரிப் படுகையில் முக்கியமாக மணற்கல். சில இடங்களில் விரிசல் விழுந்த அடிப்பாறை. டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு தோண்டுவதை 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டம் வேண்டியதுதான் என்பது என் கருத்து. அதே சமயம், நமக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை நாமே தெரிந்து வைத்திருந்தால்தான் இந்த விவாதத்தில் நம் பேச்சுக்கு எடை வரும்.

டோலமைட் தூளை நெல் வயலுக்குப் போடலாமா?

மண் பரிசோதனை செய்யாமல் போடாதீர்கள். டோலமைட் புளிப்பு மண்ணைச் சரி செய்ய உதவும் பொருள். டெல்டாவின் களிமண் பெரும்பாலும் நடுநிலை அல்லது காரத் தன்மை கொண்டது. அதில் டோலமைட் கரையவே கரையாது, காசுதான் கரையும். கடலோரக் களர் நிலத்துக்கு வேண்டியது ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் களியில் ஒட்டியிருக்கும் சோடியத்தை விரட்டும். பிறகு தண்ணீர் கட்டி வடித்தால் உவர் வெளியேறும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் மட்டும் போட்டும் பயனில்லை.

வல்லம், பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்துச் செம்புரை மண்ணில் புளிப்பு இருந்தால் தென்னைக்கும் பயிர்களுக்கும் டோலமைட் பொருத்தமாக இருக்கலாம், மெக்னீசியமும் கிடைக்கும். அங்கேயும் பிஹெச் (புளிப்பு–கார அளவு) பார்த்துவிட்டுத்தான்.

இறால் குட்டையில் போடுவது தண்ணீரின் காரத்தன்மை சட்டென்று ஏறி இறங்காமல் தாங்கவும், ஓடு உரிக்கும் இறாலுக்குக் கால்சியமும் மெக்னீசியமும் கொடுக்கவும். சுட்ட சுண்ணாம்புபோல் பிஹெச்-ஐ ஒரேயடியாகத் தூக்காது என்பதால் உயிர் இருக்கும் குட்டையிலும் போட முடிகிறது.

வெற்றிலைச் சுண்ணாம்பு, கோலமாவு?

வெற்றிலைக்கு நம் பக்கத்தில் பெயர் பெற்றது கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. அதில் மெக்னீசியம் மிகக் குறைவு. கடைக் கோலமாவு பெரும்பாலும் கல் மாவு. டோலமைட், கால்சைட், மாக்கல் என எதுவாகவும் இருக்கலாம். மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எறும்புக்குச் சாப்பாடு போட வேண்டுமானால் அரிசிமாவுதான்.

இந்தப் பாறைகளை நேரில் பார்க்க எங்கே போகலாம்?

தஞ்சாவூரிலிருந்து காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பலாம். முதலில் அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகம். கண் பழகிய பிறகு வெளியில் பார்ப்பது எளிது. பிறகு பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர்: 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம், சுமார் 12 கோடி ஆண்டுப் பழையது, கடலில் மிதந்து வந்து சேற்றில் புதைந்தது. 1940-இல் இதை உலகுக்குச் சொன்ன எம்.எஸ். கிருஷ்ணன் தஞ்சை மாவட்டத்துக்காரர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநர்.

சாத்தனூரிலிருந்து காரை பக்கம்தான். மழைநீர் அரித்து அரித்து ஓடைகளாகப் பிளந்த செம்பழுப்புக் களித் தரை, நடுவில் கண்ணாடித் துண்டுபோல் மின்னும் ஜிப்சம், கணவாய் மீனின் பழைய உறவான பெலம்னைட்டின் விரல் நீளக் கற்கள். உச்சி வெயிலில் போகாதீர்கள், நிழலே கிடையாது. ஒரே நாளில் ஓரிடம்தான் முடியும் என்றால் காரையைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். சுரங்கங்களுக்குள் அனுமதி வாங்காமல் நுழையக் கூடாது, வெட்டுமுகம் சரியும்.

வழியில் தொல்லுயிர் எச்சம் கண்ணில் பட்டால் என்ன செய்வது?

இருக்கும் இடத்திலேயே விடுங்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள்; போனில் அந்த இடத்தின் ஆயத்தொலைவைக் குறித்துக்கொள்ளுங்கள்; எந்த அடுக்கில் இருந்தது, மேலேயும் கீழேயும் என்ன மண் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஏற்கெனவே பெயர்ந்து ஓடையில் உருண்டு கிடந்ததா, பாறையில் பதிந்திருந்ததா என்பதையும் எழுத வேண்டும், ஏனென்றால் உருண்டு வந்ததற்கு வயது சொல்ல முடியாது. அந்தக் குறிப்பை வாரணவாசி அருங்காட்சியகத்திலோ அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறையிலோ கொடுங்கள். காரையில் அம்மோனைட்டை (சுருள் ஓட்டுக் கடலுயிரின் கல்லான எச்சம்) பொறுக்கி விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள்; வாங்க ஆள் இருக்கும்வரை தோண்டுவது நிற்காது.